வீராயியின் மடக்குக் கத்திகள்

தபால்தலை சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் காட்டூரில் ஒருவர் தீப்பெட்டிப் படங்களை நோட்டு நோட்டாக ஒட்டி வைத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் உட்கார வைத்துக் காட்டி உயிரை வாங்குவார். மடக்குக் கத்தி சேர்த்த ஆளாக எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும். பெயர் வீராயி. பிரசவ ஆஸ்பத்திரி ஆயா, எழுதப் படிக்கத் தெரியாதவள். சேர்த்ததை யாருக்கும் காட்டவில்லை. காட்டியிருந்தால் வேலை போயிருக்கும்.

நான் அங்கே நர்சாக இருந்தேன். திருச்சி புத்தூரில் இருந்த ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். இருபது படுக்கை. பெரிய டாக்டரம்மா ஒருவர், நர்சுகள் நாலு பேர், ஆயாக்கள் ஆறு பேர், ஸ்டோருக்கு சகாயநாதன் என்று ஒரு கிளார்க். 1954இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வீராயிக்கு முப்பது வயது இருக்கும். புருஷன் பிச்சைமுத்து காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். முதுகில் அடிபட்டு, எழுந்து நடமாட முடியாமல் கிடந்தார். ஒரு மகள். வீட்டில் அடுப்பு எரிந்தது வீராயியின் சம்பளத்தில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் ஏன் அன்றே வாயைத் திறக்கவில்லை என்று பின்னால் கேட்பீர்கள்.

பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பு இருக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். காற்று கருப்பு அண்டாதாம். வீட்டுப் பிரசவமென்றால் அரிவாளோ பாக்குவெட்டியோ வைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் அரிவாளை யார் உள்ளே விடுவார்கள்? அதனால் வருகிறவர்கள் புருஷனின் மடக்குக் கத்தியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு வந்து, தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். பணக்கார வீட்டுப் பெண்கள் பேனாக்கத்தி, காட்டு வேலைக்காரர் வீட்டுப் பெண்கள் கொம்புப்பிடி போட்ட கத்தி, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. வேளாங்கண்ணி மாதா சுரூபத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான் இதைச் சொன்னால், வீராயி என் கழுத்தைப் பார்த்துச் சிரிப்பாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் வீராயி மகா கண்டிப்பு. கட்டுத்துணி வெட்டக் கத்தரிக்கோல் கேட்டால்கூட என் நீட்டிய கையைப் பார்க்காதவள்போல மேசையில் வைப்பாள். அவசரத்தில் இருக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1956 ஆடி மாதத்தில் ஒரு விபத்து நடந்தது. யாரோ ஒருத்தி வீட்டுக்குப் போகும்போது கத்தியை மறந்துவிட்டாள். அது விரிப்போடு சுருண்டு சலவைக்குப் போய்விட்டது. உய்யக்கொண்டான் வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்தவருக்கு உள்ளங்கையில் ஆழமான வெட்டு. பத்து நாள் அவருக்கு வேலை இல்லை. பெரிய டாக்டரம்மா கோபத்தில் ஓர் உத்தரவு போட்டார். வார்டில் ஒரு கத்திகூட இருக்கக் கூடாது. இருந்தால் எடுத்து ஸ்டோரில் வைத்து, வீட்டுக்குப் போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும். கேட்டுப் பார்த்தோம், யாரும் கொடுக்கவில்லை. ஒரு மாமியார் என்னை அடிக்கவே வந்துவிட்டாள். அப்போது நான்தான் வீராயியிடம் ஒரு வழி சொன்னேன். அவர்கள் குளிக்கப் போகிற நேரத்தில் சத்தம் போடாமல் எடுத்துவிடு, போகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று. அது டாக்டரம்மாவின் யோசனை இல்லை, என்னுடையது. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

அந்த வாரம்தான் மயிலம்மாள் வந்தாள். உப்பிலியபுரத்துப் பெண், இருபது வயது, தலைப்பிரசவம். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, துறையூர் வந்து பஸ் மாறி, மாமியார் வெள்ளையம்மாளோடு வந்து இறங்கினாள். புருஷன் வீரமலை சோளக் காட்டில் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தான். வந்ததும் இடுப்பிலிருந்து தன் கத்தியை எடுத்து அவள் படுக்கையில் வைத்தான். கறுப்புக் கொம்புப்பிடி, பித்தளை ஆணி, பிடியின் ஒரு மூலை உடைந்திருக்கும். மயிலம்மாள் அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் சொருகிக்கொண்டதை நான் பார்த்தேன். ஆண் குழந்தை பிறந்தது. நாலு பவுண்டுகூட இல்லை.

மறுநாள் காலை மயிலம்மாள் குளியலறைக்குப் போனபோது, நான் சொன்னபடி வீராயி கத்தியை எடுத்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். ஸ்டோர் திறக்கப் பத்து மணி ஆகும், பிறகு கொடுக்கலாம் என்று இருந்திருக்கிறாள். அதற்குள் வேறு வேலை வந்து, மறந்தும் போய்விட்டாள். அதற்கு மறுநாள் மத்தியானம் குழந்தைக்கு மூச்சு இரைத்து உடம்பு நீலம் பாரித்தது. டாக்டரம்மா இரண்டு மணி நேரம் போராடிப் பார்த்தார். நாலு மணிக்குப் போய்விட்டது.

எட்டு மாதத்துப் பிள்ளை. அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த வசதிக்கு, பத்தில் எட்டு பிழைக்காது. கத்தி இருந்தாலும் அது போயிருக்கும். இதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஆனால் வெள்ளையம்மாள் அழுது முடித்ததும் முதல் வேலையாகத் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. விரிப்பை உதறினாள், மெத்தையைப் புரட்டினாள்.

"கத்தி எங்கடி?"

அங்கேதான் வைத்தேன் என்றாள் மயிலம்மாள். வைத்திருந்தால் எங்கே போகும் என்றாள் மாமியார். குளிக்கிற இடத்துக்கு எடுத்துப் போய்ப் போட்டுவிட்டாயா, இல்லை, முதலிலேயே வைக்கவில்லையா? வைத்தேன் அத்தை, வைத்தேன் அத்தை என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். புருஷன் சுவரோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைக்கு வசவே தேவலாம்.

வீராயி வார்டு வாசலில் நின்றாள். கை சுருக்குப்பையைப் பிடித்திருந்தது. அவள் வாயைத் திறக்கப் போவது எனக்குத் தெரிந்தது. நான் வேண்டாம் என்று கண்ணால் காட்டினேன். பயம்தான் காரணம். போன மாதம்தான் வேறொரு குழந்தை இறந்து, உறவுக்காரர்கள் மேசை நாற்காலியை உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வீராயி என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு தரையைத் துடைக்கப் போனாள். அவர்கள் அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார்கள். கத்தி அவள் பையில் தங்கிவிட்டது.

இப்படித்தான் முதல் கத்தி வந்தது.

இதற்குப் பிறகு வீராயி உத்தரவுப்படி கத்திகளை எடுத்தாள், சகாயநாதன் மேசையில் வைத்தாள், அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். ஒழுங்காக எல்லாம் நடந்தது. வருகிறவர்களும் நாளடைவில் பழகிக்கொண்டு கத்தி கொண்டு வருவதையே விட்டுவிட்டார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

1958 சித்திரையில் ஒருநாள் மெத்தைகளை மொட்டை மாடியில் வெயிலில் போட்டிருந்தோம். மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிக்க ஒரு மெத்தையைப் புரட்டினேன். தலைமாட்டுப் பக்கம் அடியில் கைக்கு ஏதோ கெட்டியாகப் பட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பை தைத்து, பித்தான் வைத்து மூடியிருந்தது. திறந்தால் மடக்குக் கத்தி. அடுத்த மெத்தையிலும் பை, அதிலும் கத்தி. மூன்றாவதில் பை மட்டும் இருந்தது, கத்தி இல்லை. வீராயி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எட்டுதான் சிஸ்டர் பாக்கி. அது வரைக்கும் பாக்காத மாதிரி இருந்துடுங்க."

பன்னிரண்டு கத்தி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. விரிப்போடு சுருண்டு சலவைக்குப் போகாது, படுத்திருப்பவளைக் குத்தாது, யார் கண்ணுக்கும் படாது. படுக்கிறவளுக்கே தெரியாது. தெரியாவிட்டால் என்ன பலன் என்று கேட்டேன். இரும்பு இருந்தால் போதும், தெரிய வேண்டியதில்லை என்றாள். திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் யார் சொல்லி அவள் அன்று எடுத்தாள் என்பது எனக்கு மறந்துவிடவில்லை. மெத்தையைத் திருப்பிப் போட்டுவிட்டு மருந்தடிக்கும் குழாயைத் தேடப் போனேன்.

அதன் பிறகு அவள் கத்தி வாங்கப் போகும்போது சில தடவை நானும் போயிருக்கிறேன். சின்னக்கடை வீதியில் இரண்டு கடைகள், காந்தி மார்க்கெட் வாசலில் சாக்கு விரித்து விற்கிற ஒரு ஆள், மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் பகல்பத்து இராப்பத்து நடக்கும்போது ரெங்கவிலாச மண்டபத்தில் முளைக்கிற கடைகள். பெருமாள் சேவைக்கு ஜனம் முண்டியடிக்கும். இவள் வளையல் கடையையும் பாத்திரக் கடையையும் தாண்டி, கத்தி இருக்கிற கடையில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஒரு பெண்பிள்ளை கத்தியைத் திறந்து திறந்து மூடுவதைப் போகிறவர்களெல்லாம் நின்று பார்ப்பார்கள். எனக்குத்தான் கூச்சம்.

அவளுடைய பரீட்சை ஒன்றே ஒன்று. மடக்கிய கத்தியை இடது கையில் பிடித்து, அலகில் இருக்கும் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுப்பாள். லேசில் திறந்தால் கீழே வைத்துவிடுவாள். நகம் வலிக்க வேண்டும், வலித்தால்தான் வாங்குவாள். தூக்கத்தில் புரள்கிறவள் தலைக்குக் கீழே கத்தி தானாக வாய் திறந்துவிடக் கூடாதே. ரெங்கவிலாசத்துக் கடைக்காரர் ஒருமுறை நொந்துபோய், எல்லாரும் சுலபமாகத் திறக்கிற கத்தி கேட்கிறார்கள், நீங்கள் திறக்காத கத்தி கேட்கிறீர்களே அம்மா, இதை வைத்து என்னதான் வெட்டுவீர்கள் என்று கேட்டார். ஒன்றும் வெட்ட மாட்டேன் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

ஆரம்பத்தில் எண்ணிக்கைக்காக வாங்கியவள்தான். பிறகு அதில் ருசி வந்துவிட்டது. மனிதர்கள் அப்படித்தான், பாவத்துக்குப் பரிகாரமாகத் தொடங்கிய காரியத்திலும் கொஞ்ச நாளில் ஆசை வைத்துவிடுவார்கள். மாட்டுக்கொம்புப் பிடி, மான்கொம்புப் பிடி, கருங்காலிப் பிடி என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். மீன் வடிவத்தில் பித்தளைப்பிடி போட்ட கத்தி ஒன்று அவளுக்கு உயிர். பொன்மலையில் என்ஜின் டிரைவராக இருந்தவரின் மனைவி, ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருத்தி, பிரசவம் முடிந்து போகும்போது, புட்டி மூடி திறக்கிற திருகோடு கூடிய சீமைக் கத்தியை இவளுக்குப் பரிசாகக் கொடுத்தாள். அதற்கு இரண்டு அலகு. எவர்சில்வர் கத்திகள் வந்தபோது மட்டும் பெரிய குழப்பம். பளபளவென்று இருக்கிறதே, இது இரும்புதானா என்று என்னைக் கேட்டாள். இரும்பும் அதில் உண்டு என்றேன். உண்டு என்றால் போதாது சிஸ்டர் என்று திருப்பி வைத்துவிட்டாள். மாதம் ஒருமுறை, வார்டு காலியாக இருக்கும் மத்தியான நேரத்தில், கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேங்காயெண்ணெய் தடவித் திரும்பப் பையில் போடுவாள். ஸ்பிரிங் இளகிவிட்டதா என்று நகத்தை வைத்துப் பார்ப்பாள். இளகியதை எடுத்துவிட்டு வேறு போடுவாள். அப்படி எடுத்ததெல்லாம் ஒரு ஓவல்டின் டப்பாவில் சேர்ந்தது.

மயிலம்மாளின் கத்தியும் அந்த டப்பாவில்தான் இருந்தது, தனியாகத் துணியில் சுற்றி. அது நல்ல கத்தி, ஸ்பிரிங் கல் மாதிரி இருக்கும். அதை ஏன் படுக்கைக்குப் போடவில்லை என்று கேட்டேன். அது அவளுடைய சொத்து, இன்னொருத்திக்குக் கொடுக்க நான் யார் என்றாள். வருஷத்துக்கு ஒருமுறையாவது, உப்பிலியபுரம் போய்க் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்பாள். போய் என்ன சொல்வாய் என்று நான் கேட்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும். வேலை போனால் பிச்சைமுத்துவுக்குக் கஞ்சி யார் ஊற்றுவது? அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

1962 ஐப்பசியில் மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில் மயிலம்மாள் மறுபடியும் வந்தாள். ஆறு வருஷம் கழித்து. எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு வற்றிப் போயிருந்தாள். வெள்ளையம்மாளைப் பார்த்ததும்தான் தெரிந்தது. மாமியாரின் கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் அரிவாள். பையை மடியில் வைத்துக்கொண்டு மருமகளின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவள் நகரவே இல்லை. வார்டில் எல்லாருக்கும் கேட்கும்படி கதையைச் சொன்னாள். போன தடவை இவள் இரும்பைத் தொலைத்துப் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள், இவளை நம்பிப் பிரயோசனமில்லை, இந்தத் தடவை நானே காவல் என்று. வாசல் காவலாளி எப்படி அரிவாளை விட்டான் என்று கேட்காதீர்கள். வெள்ளையம்மாளைப் பார்த்திருந்தால் நீங்களும் விட்டிருப்பீர்கள்.

மயிலம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுடைய கதை வீராயி மூலமாகத்தான் எனக்கு வந்தது. குழந்தை போன பிறகு இரண்டு வருஷம் தாய் வீட்டில் விட்டுவிட்டார்களாம். திரும்ப அழைத்துக்கொண்ட பிறகும், ஊரில் எந்தப் பிள்ளைப்பேற்று வீட்டுக்கும் அவள் போகக் கூடாது. கைராசி இல்லாதவளாம். வீரமலை அடித்ததில்லை, திட்டியதில்லை. அந்தக் கத்தியைப் பற்றி மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதே இல்லை. இதையெல்லாம், வீராயி முதுகுக்கு வெந்நீர் ஊற்றும்போது மயிலம்மாள் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னாளாம்.

"வச்ச ஞாபகம் நல்லா இருக்கு ஆயாம்மா. ஆனா எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான் வச்சேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு."

வீராயி நேராக என்னிடம் வந்தாள். சொல்லப் போகிறேன் என்றாள். நான் இப்போது வேண்டாம் என்றேன். பிரசவ நேரத்தில் மனசு கலங்கினால் ரத்தக்கொதிப்பு ஏறும் என்றேன். அது உண்மையும்கூட. அவள் கேட்டுக்கொண்டாள். பிரசவம் ஆகட்டும் என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும், இனி நான் தடுத்து நிற்காது என்று தெரிந்துவிட்டது.

பெண் குழந்தை. ஆறே கால் பவுண்டு. வார்டு அதிர அழுதது. மெத்தைக்கடியில் பித்தளை மீன் இருந்தது. அந்தப் படுக்கைக்கு வீராயி மாற்றிப் போட்டிருந்தாள். மாமியாரின் மடியில் அரிவாள். அந்தப் பிள்ளைக்கு இருந்த இரும்புக் காவல் திருச்சியில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இருந்திருக்காது.

மூன்றாம் நாள், டாக்டரம்மா பார்த்துவிட்டுப் போனதும், வீராயி துணியைப் பிரித்துக் கொம்புப்பிடிக் கத்தியை மயிலம்மாளின் கால்மாட்டில் வைத்தாள். மாமியாரும் மருமகளும் அதையே பார்த்தார்கள்.

"அன்னிக்கு நீ குளிக்கப் போனப்ப தலையணைக்கடியில இருந்து நான்தான் எடுத்தேன். நீ வச்ச இடத்துலதான் இருந்துச்சு. நீ மறக்கல, தொலைக்கல. இவங்க உன்னைக் கேட்டப்ப இது என் பையில இருந்துச்சு. நான் வாயைத் திறக்கல."

வெள்ளையம்மாள் கத்தியை எடுத்தாள். உடைந்த மூலையைத் தடவிப் பார்த்தாள். மகனுடையதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அரிவாள் பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். ஆறு வருஷத்துக்கு மன்னிப்பு என்று அவள் ஒன்றும் கேட்டுவிடவில்லை. அன்று மத்தியானம் பூண்டு ரசஞ்சாதத்தைத் தானே பிசைந்து மருமகள் வாயில் ஊட்டினாள். அதற்கு மேல் அவளிடம் எதிர்பார்ப்பது நம் தப்பு.

மயிலம்மாள் கத்தியை எடுக்கவில்லை. பிறகு வீராயியின் பக்கம் கையை நீட்டினாள்.

"கையில குடுங்க."

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வருமே என்றாள் வீராயி.

"வரட்டும். ஆறு வருஷமா யார்கிட்ட சண்டை போடுறதுன்னு தெரியாம என்கூடவே போட்டுக்கிட்டு இருந்தேன். குடுங்க."

வீராயி கத்தியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். நான் பார்த்து, அவள் ஒரு கத்தியைக் கைக்குக் கை கொடுத்தது அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு மயிலம்மாள் பேசினாள். கால் மணி நேரம் இருக்கும். அவ்வளவு வசவு அந்த மெலிந்த உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. தாய் வீட்டில் கிடந்த இரண்டு வருஷம், வளைகாப்புக்கு அழைக்காத பங்காளி வீடு, வாசலோடு திருப்பி அனுப்பிய நாத்தனாரின் தொட்டில் சடங்கு, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித் திட்டினாள். வார்டே எழுந்து உட்கார்ந்து கேட்டது. வீராயிக்குக் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. கடைசியில் மயிலம்மாளுக்கு மூச்சு வாங்கியது. வாய் காய்ந்துவிட்டது, வெந்நீர் கொண்டா என்றாள். வீராயி ஓடிப்போய்ச் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தாள்.

நான் அவ்வளவு நேரமும் மருந்துத் தட்டோடு பக்கத்துப் படுக்கை அருகில் நின்றேன். எடுக்கச் சொன்னவள் நான், அன்று வாயை மூடச் சொன்னவளும் நான். இரண்டடி எடுத்து வைத்து ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வசவில் பாதி எனக்குச் சேர வேண்டியது. முழுவதையும் வீராயி வாங்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார், விசாரணை நடந்தது. வேறு கத்தி இருக்கிறதா என்று மெத்தைகளும் புரட்டப்பட்டன. இருபது கத்திகள் மேசையில் குவிந்தன. சகாயநாதன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று டாக்டரம்மாவையே கேட்டார். கத்தி எடுக்க யார் சொன்னது, மெத்தையில் வைக்க யார் சொன்னது என்று கேட்டதற்கெல்லாம் வீராயி ஒரே பதில்தான் சொன்னாள், நானாகத்தான் செய்தேன் என்று. என் பக்கம் அவள் கண்கூடத் திரும்பவில்லை. டாக்டரம்மா ஒரு கத்தியை எடுத்துத் திறந்து பார்த்தார், நகம் மடங்கிக்கொண்டது. கைவிரலை உதறிவிட்டு, இந்த நாலைந்து வருஷத்தில் யாருக்காவது வெட்டு உண்டா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். வேலையை விட்டு நீக்கவில்லை. வார்டிலிருந்து எடுத்துச் சமையலறைக்குப் போட்டார். பிறந்த குழந்தைகளைத் தூக்கிப் பழகிய கைகளுக்கு அது சின்னத் தண்டனை இல்லை. கத்திகளை அவளே கொண்டுபோகட்டும் என்றார்.

மயிலம்மாள் ஊருக்குப் புறப்பட்ட அன்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இடுப்பில் அந்தக் கத்தி சொருகியிருந்தது. வாசலிலேயே நின்று சொன்னாள்.

"போயிட்டு வரேன்னு சொல்ல வரல. சண்டை இன்னும் முடியல. அடுத்த பிரசவத்துக்கு வந்து மீதியப் போட்டுக்குறேன்."

வீராயி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையை ஒருமுறை தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டாள். மயிலம்மாள் கொடுத்தாள். அறுபத்தைந்தில் சொன்னபடியே வந்தாள், பையன் பிறந்தான். பத்து நாளும் சமையலறையில் இருந்து அவளுக்குக் கஞ்சி வந்தது. உப்பு இல்லை, சூடு இல்லை என்று பத்து நாளும் சண்டை நடந்தது. கேட்க நன்றாக இருந்தது.

1969இல் பிச்சைமுத்து தவறிய பிறகு வீராயி வேலையை விட்டு மகள் வீட்டுக்குப் போனாள். போகிற அன்று ஓவல்டின் டப்பாவோடு என் அறைக்கு வந்தாள். மகள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இத்தனை கத்தி ஆகாது, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். டப்பாவைத் திறந்து மேலே இருந்த பித்தளை மீனை எடுத்துக் காட்டினாள். நான் எழுந்து கையை நீட்டினேன்.

"கையில குடு வீராயி."

அவள் என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நமக்குள்ள எதுக்கு சிஸ்டர் சண்டை" என்று சொல்லி, கத்தியை மேசைமேல் வைத்தாள்.